கப்பல் நிற்கும் ஒரு பகலில் நாகசாகி: இறங்கியதிலிருந்து திரும்பி ஏறும்வரை

ஜப்பான், கொரியா, தைவான் பக்கம் போகும் க்ரூஸ் கப்பல்களின் பயணத் திட்டத்தில் நாகசாகி அடிக்கடி வரும். காலை ஏழெட்டு மணிக்குக் கப்பல் கரை சேரும், மாலை ஐந்தாறு மணிக்குக் கிளம்பிவிடும். குடிவரவு வரிசை, சாப்பாடு, திரும்பி ஏறும் நேரம் எல்லாம் போக உங்கள் கையில் ஆறு மணி நேரம் மிஞ்சும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போகும் வரிசையைச் சரியாக வைத்தால் அந்த ஆறு மணி நேரம் போதும். பலரும் இறங்கியவுடன் கண்ணெதிரே மேட்டில் தெரியும் க்ளோவர் தோட்டத்துக்கு ஏறிவிடுகிறார்கள். அங்கே பாதி நாளைச் செலவழித்துவிட்டு, மதியத்துக்கு மேல் அணுகுண்டு அருங்காட்சியகத்துக்கு ஓடுகிறார்கள். கடிகாரத்தைப் பார்த்தபடியே அதைச் சுற்றி வருவதற்குப் போகாமலே இருக்கலாம். இந்த வழிகாட்டியில் வரிசை நேர் எதிர்: தூரத்தில் இருப்பது காலையில், கப்பலுக்குப் பக்கத்தில் இருப்பது கடைசியில்.

முதலில் ஊரின் அமைப்பைப் புரிந்துகொள்ளுங்கள்

நாகசாகித் துறைமுகம் மலைகளுக்கு நடுவே நீளமாக உள்ளே புகுந்த ஒரு குடா. கப்பல் நிற்கும் மட்சுகாயே முனையம் ஊரின் தெற்கே, கிழக்குக் கரையில் இருக்கிறது. 1945 ஆகஸ்ட் 9-ஆம் தேதி குண்டு வெடித்தது வடக்கே, உராகாமி பள்ளத்தாக்கின் மேலே. இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 5 கிலோமீட்டரும் சில மலைமுகடுகளும் இருக்கின்றன. வெடிப்பின் முழு வேகத்தையும் அந்த மலைகள்தான் தடுத்தன. அதனால்தான் நீங்கள் இறங்கும் இடத்தைச் சுற்றி 1860-களில் கட்டிய மரவீடுகளும் தேவாலயமும் இன்றும் நிற்கின்றன. அணுகுண்டு விழுந்த ஊர் இதுதானா என்று சந்தேகமே வரும்.

குண்டு குறிவைத்த இடம் உராகாமியும் இல்லை. அன்றைய முதல் இலக்கு வடக்கே இருந்த கோகுரா நகரம். பாக்ஸ்கார் என்ற பி-29 விமானம் அதன் மேல் மூன்று முறை வட்டமடித்தும், மேகமும் புகையும் மறைத்ததால் இலக்கு கண்ணுக்குச் சிக்கவில்லை. ஒரு பம்ப் வேலை செய்யாததால் எரிபொருளில் ஒரு பகுதியைப் பயன்படுத்த முடியாத நிலை. அடுத்த இலக்கான நாகசாகிக்குத் திரும்பினார்கள். இங்கே குறித்திருந்தது நகரின் நடுப்பகுதி, நாகாஷிமா ஆற்றங்கரைப் பக்கம். அங்கும் மேகம். கடைசியில் மேகத்தில் கிடைத்த ஒரு திறப்பின் வழியாக, குறியிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் தள்ளிப் போட்டுவிட்டார்கள். பிற்பகலில் நீங்கள் நடக்கப்போகும் பழைய கடைத்தெருவும் கல்பாலமும்தான் அன்றைய குறி. இதை மனதில் வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றினால் ஒவ்வொரு இடமும் வேறு மாதிரி தெரியும்.

கிளம்பும் முன்: விசாவும் பையும்

குறிப்பிட்ட க்ரூஸ் கப்பல்களில் வந்து அதே கப்பலில் திரும்பும் பயணிகளுக்கு, விசா இல்லாமலே கரையிறங்க அனுமதிக்கும் ஏற்பாட்டை ஜப்பான் 2015 முதல் வைத்திருக்கிறது. ஆனால் இந்தியக் கடவுச்சீட்டோடு டோக்கியோ பக்கம் விமானத்தில் போய் இறங்கி, அங்கே கப்பல் ஏறுகிறீர்கள் என்றால் முறையான விசா வேண்டும். நடுவில் கப்பல் கொரியாவின் பூசானுக்குப் போய்விட்டு மறுபடி ஜப்பானுக்குள் வருகிறது என்றால், ஒருமுறை நுழைவு விசா போதுமா என்ற கேள்வி வரும். கொரியாவுக்குத் தனி விசா வேண்டுமா என்பதும் அதோடு சேர்ந்த கேள்விதான். இரண்டையும் முன்பதிவு செய்யும்போதே கப்பல் நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். முகவர் தொலைபேசியில் சொல்லும் 'அதெல்லாம் ஒன்றும் வேண்டாம் சார்' துறைமுகத்தில் உதவாது.

ஜப்பானில் கப்பல் முதலில் தொடும் துறைமுகம் நாகசாகியாக இருந்தால், 16 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களிடம் கைரேகையும் முகப்படமும் எடுப்பார்கள். பெரிய கப்பலென்றால் இதற்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் போகலாம். முந்தைய இரவு தரும் நேரச்சீட்டில் முதல் குழுவில் இடம்பிடிக்கப் பாருங்கள். கரையில் சுற்றும்போது கடவுச்சீட்டையும் கரையிறங்கும் அனுமதித்தாளையும் கையில் வைத்திருங்கள். அறையின் பெட்டகத்தில் பூட்டிவிட்டு வராதீர்கள்.

கப்பல் உணவகத்திலிருந்து வாழைப்பழமோ சிக்கன் சாண்ட்விச்சோ பையில் போட்டுக்கொண்டு இறங்கும் பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். பழம், காய்கறி, பச்சை இலைகள், இறைச்சிப் பொருட்கள் எல்லாவற்றுக்கும் ஜப்பானின் நோய்த்தடுப்புச் சோதனை விதிகள் மிகக் கடுமை. மோப்ப நாய் நிற்பதும் உண்டு. பொட்டலத்தில் அடைத்த பிஸ்கட் போன்றவற்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

டிராம், சிறு கடைகள், நுழைவுச்சீட்டுகளுக்காகக் கொஞ்சம் யென் பணமாக, முக்கியமாகச் சில்லறையாக, வைத்திருங்கள். வேறு ஊரில் வாங்கிய சூய்க்கா போன்ற ரயில் அட்டை இருந்தால் அது நாகசாகி டிராமிலும் செல்லும்.

கப்பல் உள்ளே நுழையும்போதே மேல்தளத்தில் இருங்கள்

இதைத் தவறவிடாதீர்கள். நாகசாகியின் போர்க்கதை கப்பலின் மேல்தளத்திலிருந்தே தொடங்குகிறது. குடாவின் வாயில் மெகாமி பாலம் குறுக்கே வரும். 2005-இல் திறந்தது. நீர்மட்டத்திலிருந்து சுமார் 65 மீட்டர் உயரம். பெரிய கப்பல்களின் புகைபோக்கி பாலத்தின் அடிவயிற்றைத் தொட்டுவிடும் போலத் தோன்றும். எல்லோரும் கைபேசியை மேலே தூக்குவார்கள்.

பாலம் தாண்டியதும் இடதுபக்கக் கரையைப் பாருங்கள். அதுதான் மிட்சுபிஷி கப்பல் கட்டும் தளம். அங்கே நிற்கும் பழைய ராட்சதப் பாரந்தூக்கி 1909-இல் ஸ்காட்லாந்திலிருந்து வந்து நிறுவப்பட்டது. குண்டுவெடிப்பையும் தாண்டி இன்றும் நிற்கிறது. 2015-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களில் சேர்ந்தது.

இந்தத் தளத்தில்தான் முசாஷி என்ற போர்க்கப்பலைக் கட்டினார்கள். உலகில் அதுவரை கட்டிய போர்க்கப்பல்களில் மிகப் பெரியவை யமாட்டோவும் அதன் இரட்டையான முசாஷியும். 1938-இல் வேலை தொடங்கியபோது, சுற்றிலும் மலைமேல் வீடுகள் உள்ள இந்த ஊரில் அதை எப்படி மறைப்பது என்பதே பெரிய தலைவலி. பனைநார் கயிற்றால் பின்னிய பிரம்மாண்டமான திரைகளைத் தொங்கவிட்டார்கள். 1940 நவம்பர் 1-ஆம் தேதி கப்பலை நீரில் இறக்கிய அன்று, வான்தாக்குதல் ஒத்திகை என்று சொல்லி மக்களை வீட்டுக்குள் இருக்க வைத்தார்கள். அவ்வளவு பெரிய எடை ஒரே நேரத்தில் குறுகிய குடாவுக்குள் இறங்கியதில் அலை எழுந்து எதிர்க்கரை வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. இவ்வளவு பாடுபட்டு மறைத்த கப்பல் 1944 அக்டோபர் 24-இல் பிலிப்பைன்ஸ் அருகே அமெரிக்க விமானங்களால் மூழ்கடிக்கப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாலுமிகள் அதோடு போனார்கள்.

உராகாமி பக்கத்தில் இதே நிறுவனத்தின் ஆயுத ஆலைகள் இருந்தன. பேர்ல் ஹார்பர் தாக்குதலில் பயன்பட்ட டார்பிடோக்கள் அங்கே உருவானவை. நாகசாகி ஏன் இலக்குப் பட்டியலில் இருந்தது என்பதற்கு இந்தக் கரை ஒரு விடை. பள்ளிக்கூடமும் தேவாலயமும் ஏன் எரிய வேண்டும் என்பதற்கு அது விடை ஆகாது. இந்த இரண்டையும் ஒரே நாளில் பார்க்க முடிகிற ஊர் இது.

இன்னொரு செய்தி, க்ரூஸ் பிரியர்களுக்கு: 2004-இல் வெளிவந்த டைமண்ட் பிரின்சஸ், சஃபையர் பிரின்சஸ் இரண்டும் இந்த ஊரில் கட்டியவை. 2002-இல் கட்டுமானத்தின்போதே ஒன்று தீப்பிடித்தது. தாமதத்தைச் சமாளிக்க இரண்டு கப்பல்களின் பெயரையும் மாற்றிக்கொண்டார்கள். நீங்கள் வருவது டைமண்ட் பிரின்சஸில் என்றால், கப்பல் பிறந்த வீட்டுக்கு வந்திருக்கிறது.

முனையத்திலிருந்து வடக்கே: டிராம்

முனையத்தை விட்டு வெளியே வந்தால் ஐந்து நிமிட நடையில் ஓவுரா கைகான் டிராம் நிறுத்தம். இது 5-ஆம் எண் தடம், பச்சை நிறம். ஹோட்டாருஜாயா போகும் வண்டியில் ஏறி, ஷின்ச்சி சைனாடவுன் நிறுத்தத்தில் இறங்குங்கள். நிறுத்தத்தின் எண் 31. அங்கே 1-ஆம் எண் தடத்துக்கு, அதாவது அகாசாகோ போகும் நீல நிற வண்டிக்கு மாற வேண்டும். இறங்க வேண்டிய இடம் 20-ஆம் எண் நிறுத்தம், கென்பாகு ஷிர்யோகான். அணுகுண்டு அருங்காட்சியகத்தின் பெயரையே நிறுத்தத்துக்கு வைத்திருக்கிறார்கள். காத்திருக்கும் நேரமும் சேர்த்து முக்கால் மணி நேரம் கணக்கில் வையுங்கள்.

பின்கதவில் ஏறி முன்கதவில் இறங்குவது இங்கே முறை. காசு இறங்கும்போதுதான். எவ்வளவு தூரம் போனாலும் ஒரே கட்டணம், 150 யென் அளவில். ஷின்ச்சியில் மாறும்போது மறுபடி காசு கட்டத் தேவையில்லை. ரயில் அட்டை தட்டுகிறவர்களுக்கு அது தானாகக் கணக்காகிவிடும். காசாகத் தருகிறவர்கள் இறங்கும்போது ஓட்டுநரிடம் மாற்றுச்சீட்டு கேட்டு வாங்க வேண்டும். 'நோரிட்சுகி' என்று ஒரு சொல் சொன்னால் போதும். நாள் முழுக்கச் செல்லும் சீட்டு 600 யென் அளவில் கிடைக்கும். நான்கைந்து முறை ஏறி இறங்கப்போகிறவர்களுக்குக் கட்டுப்படியாகும். ஆனால் அதை டிராமுக்குள் விற்பதில்லை; சுற்றுலாத் தகவல் மேசைகளில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

டாக்சியும் கிடைக்கும், மூன்று நான்கு பேர் சேர்ந்தால் பெரிய செலவும் இல்லை. முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் கூட இருந்தால் போகும்போது டாக்சி, வரும்போது டிராம் என்று வைத்துக்கொள்ளலாம். டாக்சி சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பது உண்மை. ஆனால் 1915 முதல் ஓடும் டிராமில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கடையும் பள்ளியும் அலுவலகமுமாக ஊர் விரிவதைப் பார்த்துக்கொண்டே உராகாமிக்குள் நுழைவது தனி அனுபவம்.

கப்பலின் சொந்தச் சுற்றுலாப் பேருந்தில் போகலாமா? காலதாமதமானால் கப்பல் காத்திருக்கும் என்ற ஒரு நிம்மதி அதில் உண்டு. ஆனால் பெரும்பாலும் அருங்காட்சியகத்துக்கு ஒரு மணி நேரம்கூடத் தரமாட்டார்கள். கொஞ்சம் நடக்கத் தெம்பு உள்ளவர்களுக்கு என் ஓட்டு டிராமுக்குத்தான்.

அணுகுண்டு அருங்காட்சியகம்: காலையிலேயே

நிறுத்தத்திலிருந்து சிறு ஏற்றம். அருங்காட்சியகம் காலை 8:30-க்குத் திறக்கும், நுழைவு 200 யென். சுற்றுலாப் பேருந்துகளும் பள்ளிக் குழந்தைகளும் சேர்ந்து வரும் முன் உள்ளே போய்விட்டால், ஒவ்வொரு பொருளின் முன்னும் நின்று பார்க்கலாம். ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

உள்ளே நுழைந்ததும் 11:02-இல் நின்றுபோன ஒரு சுவர்க்கடிகாரம். அதன் பிறகு வளைந்து நெளிந்த தண்ணீர்த் தொட்டியின் கால்கள், உராகாமி தேவாலயச் சுவரின் மாதிரி, உருகி ஒன்றோடொன்று ஒட்டிய பாட்டில்கள். வெடிப்பின் கீழே தரையின் வெப்பம் 3,000 முதல் 4,000 டிகிரி செல்சியஸ் வரை போனது என்ற எண்ணைப் படிக்கும்போது ஒன்றும் தோன்றாது. ஒரு பள்ளி மாணவியின் மதிய உணவு டப்பாவும் அதற்குள் கரியாகிப்போன சோறும்தான் அந்த எண் என்ன என்று சொல்லும். கண்ணாடி உருகி ஒரு கையின் எலும்போடு சேர்ந்துவிட்ட துண்டும் இங்கே இருக்கிறது. பத்து வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளை இந்தப் பகுதிக்குள் அழைத்துப் போவதைப் பெற்றோர் யோசித்துக்கொள்ளுங்கள். அமைதிப் பூங்காவே அவர்களுக்குப் போதும்.

ஃபேட் மேன் குண்டின் அசல் அளவு மாதிரி நடுவே இருக்கிறது. நீளம் 3.25 மீட்டர், எடை 4.5 டன். ஹிரோஷிமாவில் போட்டது யுரேனியம் குண்டு, இது புளுட்டோனியம். சுமார் 21 கிலோடன் டிஎன்டி அளவுக்கு ஆற்றல், தரைக்கு மேல் சுமார் 500 மீட்டர் உயரத்தில் வெடித்தது. அன்று ஊரில் இருந்தவர்கள் ஏறக்குறைய 2,40,000 பேர். அந்த வருடம் முடிவதற்குள் இறந்தவர்கள் சுமார் 74,000. காயம்பட்டவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு.

கடைசிப் பகுதியை அவசரமாகத் தாண்டிவிடாதீர்கள். ஜப்பான் ஆசியாவில் நடத்திய போரும் ஆக்கிரமிப்பும் அங்கே வருகின்றன. 1996-இல் இந்தக் கட்டிடம் திறந்தபோதே இந்தப் பகுதியை எதிர்த்து உள்ளூரில் கூச்சல் எழுந்தது. அது போதவில்லை என்று நினைப்பவர்களுக்கு, நாகசாகி ரயில் நிலையத்துக்கு அருகே மலைச்சரிவில் தன்னார்வலர்கள் 1995 முதல் நடத்திவரும் சிறிய அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது: நாகசாகி மனித உரிமை அமைதி அருங்காட்சியகம். கொரியத் தொழிலாளர்கள், சீனர்கள் பட்ட பாட்டைப் பற்றியது. ஒரு பகலில் அதையும் நுழைப்பது கடினம்.

உயிர்தப்பியவர்கள் பேசும் காணொளிகளில் ஒன்றையாவது உட்கார்ந்து முழுதாகக் கேளுங்கள். அவர்களின் அமைப்பான நிஹோன் ஹிதான்க்யோ 1956 ஆகஸ்ட்டில் இதே ஊரில்தான் தொடங்கியது. 2024-இல் அதற்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. மிட்சுபிஷி பொறியாளர் யமாகுச்சி சுடோமுவின் கதையும் இந்த ஊர்க்கதைதான். வேலையாக ஹிரோஷிமா போயிருந்தபோது ஆகஸ்ட் 6-இல் அங்கே காயப்பட்டு, ஊர் திரும்பி 9-ஆம் தேதி இங்கே இரண்டாவது குண்டையும் பார்த்தவர். 2010-இல், தன் 93-ஆவது வயதில் இறந்தார்.

நினைவுக்கூடம், வெடிமையம், பூங்கா

அருங்காட்சியகத்தை ஒட்டியே, 2003-இல் திறந்த தேசிய அமைதி நினைவுக்கூடம். கட்டணம் இல்லை. தரைமட்டத்தில் தெரிவது ஒரு நீர்த்தொட்டி மட்டும்தான். அதன் அடியில் சுமார் 70,000 விளக்குப் புள்ளிகள் பதித்திருக்கிறார்கள். அந்த வருட முடிவுக்குள் இறந்தவர்களின் கணக்கு அது. கீழே இறங்கினால் இரண்டு வரிசையாக 12 கண்ணாடித் தூண்கள், அவற்றின் முடிவில் இறந்தவர்களின் பெயரேடுகளை அடுக்கிய கோபுரம். தூண்களின் வரிசை வெடிமையத்தை நோக்கியிருக்கிறது. பேருந்துக் கூட்டம் இங்கே அவ்வளவாக வருவதில்லை. அருங்காட்சியகம் முடித்து வந்தவர்களுக்குக் கால்மணி நேரம் சும்மா உட்கார இடம் வேண்டும். அதற்கு இதைவிட நல்ல இடம் ஊரில் இல்லை.

அங்கிருந்து படியிறங்கி வெடிமையப் பூங்கா. கருங்கல் தூண் ஒன்று நிற்கிறது. அதன் நேர் மேலே, 500 மீட்டர் உயரத்தில் வெடித்தது. பக்கத்தில் பழைய உராகாமி தேவாலயச் சுவரின் ஒரு துண்டைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். ஓடைப் பக்கம் இறங்கும் படிகளில் கண்ணாடிக்குப் பின்னால் அன்றைய மண்ணடுக்கு: ஓட்டுத்துண்டு, கண்ணாடி, எரிந்த செங்கல். முக்கால்வாசிப் பேர் தூணைப் படம் பிடித்துவிட்டு இதைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள். இந்தச் சுற்றுவட்டாரத்திலேயே, கொரிய பலிகளுக்காக 1979-இல் நட்ட சிறு நினைவுக்கல்லும், இங்கே போர்க்கைதி முகாமில் இருந்த டச்சு, ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ் வீரர்களுக்காக 2021-இல் திறந்த நினைவுச்சின்னமும் உண்டு. நேச நாடுகளின் வீரர்களும் அந்தக் குண்டுக்குக் கீழே இருந்தார்கள்.

சாலையைக் கடந்து மேடேறினால் அமைதிப் பூங்கா. தானியங்கிப் படிக்கட்டு இருக்கிறது. 1955-இல் கிடாமுரா செய்போ வடித்த 9.7 மீட்டர் வெண்கலச் சிலை இங்கேதான். மேலே நீட்டிய வலக்கை வானிலிருந்து வரும் அணு ஆபத்தையும், பக்கவாட்டில் விரிந்த இடக்கை அமைதியையும் குறிக்கின்றன. மூடிய கண்கள் இறந்தவர்களுக்கான பிரார்த்தனை. எனக்கு அந்தச் சிலை பிடிக்காது. மல்யுத்த வீரன்போல இருக்கிறது. அதற்குச் செலவழித்த காலத்தில் உயிர்தப்பியவர்களுக்கு அரசின் மருத்துவ உதவிச் சட்டம்கூட வரவில்லை; அது 1957-இல்தான் வந்தது. இந்த மனத்தாங்கல் உள்ளூரிலேயே அன்று இருந்தது.

பூங்காவின் மறுமுனையில் உள்ள நீரூற்று என்னை அதிகம் நிறுத்துகிறது. தாகம் தாங்காமல், எண்ணெய் மிதந்த தண்ணீரை அப்படியே குடித்ததாக ஒரு சிறுமி எழுதிய வரிகள் அங்கே கல்லில் உள்ளன. தண்ணீர் கேட்டுச் செத்தவர்களுக்காகவே ஓடும் நீரூற்று அது. நடுவே தரையில் தெரியும் அடித்தளச் சுவர்கள் உராகாமி கிளைச்சிறையின் மிச்சம். அங்கே இருந்த 134 பேரும் இறந்தார்கள், சீனக் கைதிகளும் கொரியக் கைதிகளும் உட்பட.

பூங்காவில் தள்ளுவண்டியில் சில பெண்கள் சீவிய ஐஸ்கிரீமை ரோஜாப்பூ வடிவில் கட்டித் தருவார்கள். வாங்கிச் சாப்பிடுங்கள், தப்பில்லை.

உராகாமி தேவாலயமும் ஒற்றைக்கால் தோரணமும்

பூங்காவிலிருந்து பத்து நிமிட நடையில் உராகாமி தேவாலயம். இங்குள்ள கத்தோலிக்கர்கள், கிறிஸ்தவத்துக்குத் தடை இருந்ததால், இரண்டரை நூற்றாண்டு மறைந்து வாழ்ந்தவர்கள். 1860-களின் இறுதியில் பிடிபட்டு, மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஊரைவிட்டு நாடுகடத்தப்பட்டார்கள். 1873-இல் தடை விலகித் திரும்பி வந்ததும், முன்பு தங்களைக் கிறிஸ்துவின் உருவத்தை மிதிக்கவைத்த ஊர்த்தலைவரின் மனையையே வாங்கி, அங்கே தேவாலயம் எழுப்பினார்கள். 1895-இல் தொடங்கிய வேலை 1914-இல்தான் முடிந்தது. வெடிமையத்திலிருந்து வெறும் 500 மீட்டர். குண்டு விழுந்த நேரத்தில் உள்ளே பாவசங்கீர்த்தனம், அதாவது பாதிரியாரிடம் பாவங்களை அறிக்கையிடும் சடங்கு, நடந்துகொண்டிருந்தது. பாதிரியார்களும் வந்திருந்தவர்களும் அப்படியே இறந்தார்கள். அந்தத் தேவாலயத்தைச் சேர்ந்த சுமார் 12,000 விசுவாசிகளில் 8,500 பேர் போனதாகக் கணக்கு.

இப்போது நிற்பது 1959-இல் மறுபடி கட்டியது. வெளியே கரிந்த கற்சிலைகளைப் பாருங்கள். பக்கவாட்டில் கீழே ஓடையோரம், உடைந்து உருண்ட மணிக்கோபுரத்தின் தலைப்பகுதி விழுந்த இடத்துக்கு அருகிலேயே கிடக்கிறது. இரண்டு மணிகளில் ஒன்று மட்டும் பிழைத்திருந்தது. இன்னொன்றை அமெரிக்கக் கத்தோலிக்கர்கள் நிதி திரட்டிச் செய்து கொடுக்க, 2025 ஆகஸ்ட் 9-ஆம் தேதி 80 வருடங்களுக்குப் பிறகு இரண்டும் சேர்ந்து ஒலித்தன.

திரும்பும் வழியில் நேரமிருந்தால் 21-ஆம் எண் நிறுத்தத்தில் இறங்கி மேட்டேறுங்கள். சான்னோ ஆலயத்தின் கல்தோரணம் பாதி உடைந்து ஒற்றைக்காலில் நிற்கிறது. உள்ளே இரண்டு பெரிய கற்பூர மரங்கள். எரிந்து மொட்டையான மரங்கள் மறுபடி துளிர்த்தவை.

மதியம்: கல்பாலம், சாப்பாடு

1-ஆம் எண் டிராமில் தெற்கே திரும்பி வந்தால் ஷின்ச்சி சைனாடவுன். சாம்போன் இந்த ஊரின் உணவு. பன்றியெலும்புச் சாற்றில் நூடுல்ஸ், காய்கறி, கடல்மீன் வகைகள். 1899-இல் தொடங்கிய ஷிகைரோ என்ற கடை, கப்பல் முனையத்துக்கே பக்கத்தில் இருக்கிறது. மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி சாப்பிடாதவர்களும் சைவர்களும் இங்கே சிரமப்படுவார்கள். காய்கறி மட்டும் போட்டாலும் சாறு மாறாது. கப்பலில் காலையில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வருவதே வழி. போர்த்துகீசியர் வழியாக வந்த காஸ்டெல்லா கேக்கிலும் முட்டை உண்டு.

அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் நாகாஷிமா ஆற்றின் மேல் 1634-இல் கட்டிய மெகானே கல்பாலம். தண்ணீரில் விழும் நிழலோடு சேர்ந்து மூக்குக்கண்ணாடி போலத் தெரியும். குண்டின் குறி இந்த ஆற்றங்கரைப் பக்கம்தான் என்று முன்பே சொன்னேன். டச்சுக்காரர்கள் 1641 முதல் 1859 வரை அடைபட்டு வியாபாரம் செய்த தேஜிமாவும் அருகில் இருக்கிறது. ஆனால் போர் வரலாற்றைத் தேடி வந்திருந்தால் இந்த முறை வெளியிலிருந்து பார்த்ததே போதும்.

கடைசியில் க்ளோவர் வீடு

5-ஆம் எண் டிராமில் கடைசி நிறுத்தமான இஷிபாஷி வரை போங்கள். முனையத்துக்கு அருகே உள்ள நிறுத்தத்தில் இறங்க வேண்டாம். இஷிபாஷியில் மலைச்சரிவோடு சாய்வாக ஏறும் மின்தூக்கி ஒன்று இருக்கிறது. உள்ளூர் மக்களுக்காகப் போட்டது, காசு கிடையாது. அதில் மேலே போனால் க்ளோவர் தோட்டத்தின் இரண்டாவது வாசல் வந்துவிடும். அங்கிருந்து முழுக்க இறக்கம்தான். நுழைவு 620 யென் அளவில்.

ஸ்காட்லாந்து வணிகர் தாமஸ் க்ளோவரின் வீடு 1863-இல் கட்டியது. ஜப்பானில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய மேலைநாட்டு பாணி மரவீடு. பூக்களும் துறைமுகக் காட்சியும் பார்த்துப் படமெடுத்துக்கொண்டு எல்லோரும் போய்விடுவார்கள். நீங்கள் கொஞ்சம் நின்று அவர் மகனை நினையுங்கள். குராபா டோமிசாபுரோ: ஜப்பானியத் தாய்க்குப் பிறந்தவர், இந்த ஊரின் மீன்களைப் பற்றிய பெரும் வண்ணப்படத் தொகுப்பை ஓவியர்களைக் கொண்டு உருவாக்கியவர். வீட்டு முற்றத்திலிருந்து எதிர்க்கரையில் முசாஷி கட்டும் தளம் நேராகத் தெரிந்தது. 1939-இல் வீட்டை மிட்சுபிஷியிடம் விற்றுவிட்டுக் கீழே குடிபோனார். போர்க்காலம் முழுக்க உளவாளி என்ற சந்தேகப் பார்வை அவர்மேல் இருந்தது. ஜப்பான் சரணடைந்த சில நாட்களில், 1945 ஆகஸ்ட் 26-இல், தூக்கிட்டுத் தற்கொலை செய்துகொண்டார். காலையில் கப்பலிலிருந்து பார்த்த பாரந்தூக்கியை இப்போது அவர் பார்த்த இடத்திலிருந்து பாருங்கள்.

கீழ்வாசலில் 1864-இல் முடிந்த ஓவுரா தேவாலயம். மறைந்து வாழ்ந்த கிறிஸ்தவர்கள் 1865 மார்ச்சில் பாதிரியார் பெடிஜானிடம் தங்களை முதன்முதலில் வெளிப்படுத்திக்கொண்டது இங்கேதான். நுழைவு 1,000 யென் அளவில், உள்ளே படமெடுக்க அனுமதி இல்லை. நேரமில்லை என்றால் வெளியிலிருந்தே பார்க்கலாம்.

ஹாஷிமா தீவுக்குப் போகலாமா?

குன்கன்ஜிமா என்ற பெயரில் பிரபலமான ஹாஷிமா, கடலில் கைவிடப்பட்ட நிலக்கரிச் சுரங்கத் தீவு. 1890 முதல் மிட்சுபிஷி நடத்தி 1974-இல் மூடியது. போர்க்காலத்தில் கொரியர்களும் சீனர்களும் கட்டாய உழைப்புக்கு இங்கே கொண்டுவரப்பட்டார்கள். 2015-இல் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தபோது அந்த வரலாற்றையும் சொல்வதாக ஜப்பான் ஒப்புக்கொண்டது. அது சரியாக நடக்கவில்லை என்று 2021-இல் யுனெஸ்கோ குழு கடுமையாக வருத்தம் தெரிவித்தது. படகுச் சுற்று மூன்று மணி நேரம் பிடிக்கும். அலை அதிகமானால் தீவில் இறங்கவே விடமாட்டார்கள். ஒரே பகலில் அதையும் உராகாமியையும் சேர்ப்பது இரண்டையும் கெடுக்கும். நாகசாகிக்கு முதல்முறை வருகிறவர்கள் உராகாமியைத் தேர்ந்தெடுங்கள்.

நேரம் குறைந்துவிட்டால்

மழையாலோ குடிவரவு வரிசையாலோ மதியம்தான் இறங்கினீர்கள் என்றால், டாக்சியில் நேராக அருங்காட்சியகம், பிறகு நினைவுக்கூடம், வெடிமையம். அத்தோடு டிராமில் திரும்பிவிடுங்கள். அமைதிச் சிலையை விட்டுவிடலாம். க்ளோவர் வீட்டையும் விட்டுவிடலாம். மேல்தளத்திலிருந்தே கூரை தெரியும். ஆகஸ்ட் 9-ஆம் தேதி கப்பல் வருகிறது என்றால் திட்டமே வேறு. காலை முழுக்க அமைதிப் பூங்காவில் நினைவு நிகழ்ச்சி, சாலை மறிப்பு, கூட்டம். 11:02-க்கு ஊர் முழுக்கச் சங்கு ஒலிக்கும்போது எங்கே இருந்தாலும் நின்றுவிடுங்கள்.

கப்பலுக்குத் திரும்ப வேண்டிய நேரம் என்பது கிளம்பும் நேரத்துக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி முன்பு, அட்டையில் போட்டிருக்கும். அதற்கும் முக்கால் மணி முன்பு ஓவுரா பக்கம் வந்துவிட்டால், வடக்கே டிராம் நெரிசலில் மாட்டும் கவலை இல்லை. கைபேசி கப்பல் நேரத்தில் ஓடுகிறதா, ஜப்பான் நேரத்தில் ஓடுகிறதா என்று இறங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். துறைமுக முகவரின் தொலைபேசி எண் தினசரித் தாளில் அச்சாகியிருக்கும்; அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வையுங்கள்.